கூந்தலுக்கு மணம், கடைக்கு வியாபாரம்

மாலை ஐந்து மணிக்கு மேல் தாம்பரம் ரயில் நிலையத்தின் மேற்குப் பக்கம் இறங்கி சண்முகம் சாலையை நோக்கி நடந்தால், மல்லிகைப்பூ வாசனை நம்மை வழிமறிக்கும். வேலை முடிந்து திரும்பும் பெண்கள் ஒரு முழம் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுகிறார்கள். பூ வியாபாரம் பூக்கார அம்மாக்களுடையது. ஆனால் கூந்தல் மணத்தின் மறுபாதி நெடுங்காலமாக மளிகைக் கடையில் இருக்கிறது. இதை நாமே பல சமயம் மறந்துவிடுகிறோம்.

சீயக்காயோடு சேர்த்து அரைக்கக் கேட்கும் பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, ரோஜா மொக்கு, எண்ணெயில் ஊறப்போடும் வெட்டிவேர், தலை முழுகிய பிறகு முடிக்குப் புகை காட்டும் சாம்பிராணி எல்லாம் நம் சரக்குதானே! பிறகு மல்லிகை மணமூட்டிய எண்ணெய் பாட்டில்கள் வந்தன. இப்போது 'ஹேர் மிஸ்ட்', 'ஹேர் பெர்ஃப்யூம்' என்ற பெயரில் கூந்தலுக்கென்றே தெளிப்பான் பாட்டில்கள் வந்திருக்கின்றன. குரோம்பேட்டை, சேலையூர், மேடவாக்கம் பக்கத்துச் சிறு கடைகளிலும் இவற்றைக் கேட்கிறார்கள். "இல்லை" என்று சொல்லி அனுப்பினால், வாடிக்கையாளர் சூப்பர் மார்க்கெட்டுக்கோ செல்போன் ஆர்டருக்கோ போய்விடுவார். அங்கே எண்ணெய் மட்டுமா வாங்குவார்? பருப்பும் சேர்த்துத்தான் வாங்குவார்.

சரக்கின் குணம்

கூந்தலில் மணம் தங்குவதற்குக் காரணம் எண்ணெய்ப் பசை. வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணம் எண்ணெய்க்கு உண்டு. வடக்கே காஜிப்பூர், ஜான்பூர், கன்னோஜ் பகுதிகளில் எள்ளையும் மல்லிகையையும் அடுக்கடுக்காகப் பரப்பி, வாடிய பூவை நீக்கிப் புதுப் பூ போட்டு, மணம் ஏறிய எள்ளைச் செக்கில் ஆட்டுவது பழைய முறை. பறித்த பிறகும் மலர்ந்து மணம் விடுவது மல்லிகை மொக்கின் இயல்பு என்பதால்தான் இது முடிந்தது. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கும் இதே இயல்புதான். காலையில் பறித்த மொக்கு மாலையில் தலையில் மணக்கிறது.

இன்று கடைக்கு வரும் பாட்டில்களில் பெரும்பாலும் ஆலையில் தயாரான வாசனைப் பொருள்தான் இருக்கும். லேபிளில் மல்லிகைப் படம் இருப்பதால் உள்ளே இருப்பது பூவின் சாறு என்று நாம் வாக்குக் கொடுக்கக் கூடாது. தெளிப்பான் வகைகளில் பல ஸ்பிரிட் கலந்தவை. அவற்றை அடிக்கடி தெளித்தால் முடி வறளும். சீப்பில் தெளித்து முடியின் நுனிப் பக்கம் வாரிக்கொள்ளலாம், தலைத்தோலிலும் கண் பக்கத்திலும் படக் கூடாது என்று இரண்டு வார்த்தை சொல்லி விற்பது நல்லது.

வைக்கும் இடம்

எங்கள் கடையில் நடந்ததைச் சொல்கிறோம். மல்லிகை எண்ணெய் பெட்டி ஒன்றை, இடம் இல்லையென்று தேயிலைத் தூள் மூட்டைக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தோம். மூடி சரியில்லாத ஒரு பாட்டில் கசிந்திருக்கிறது. நான்காம் நாள் முதல் டீத்தூள் திரும்பி வர ஆரம்பித்தது. தேயிலை, ரவை, மைதா, அரிசி ஆகியவை வாசனையை இழுத்துக்கொள்ளும் சரக்குகள். இவற்றுக்கும் மணப்பொருளுக்கும் நடுவே ஒரு சுவராவது இருக்க வேண்டும்.

ஸ்பிரிட் கலந்தவை எளிதில் தீப்பிடிக்கும். சாயங்காலம் சாமி படத்துக்கு விளக்கேற்றி ஊதுவத்தி கொளுத்தும் இடத்துக்கு அருகிலும், வெயில் அடிக்கும் கண்ணாடி அலமாரியிலும் வைக்கக் கூடாது. வெயிலும் சூடும் பட்டால் மணமும் கெடும்.

பில்லும் லேபிளும்

2025 செப்டம்பர் 22 முதல் தலைமுடி எண்ணெய்க்கும் ஷாம்புவுக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. சென்ட் வகைகளுக்கு 18 சதவீதமே தொடர்கிறது. எண்ணெயையும் தெளிப்பானையும் ஒரே விகிதத்தில் பில் போட்டுவிட்டுப் பின்னால் அவதிப்பட வேண்டாம். கொள்முதல் பில்லில் உள்ள விகிதத்தைப் பார்த்து ஏற்றுங்கள்.

தயாரிப்பாளர் பெயர், முகவரி, உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி, அதிகபட்ச விலை ஆகியவை இல்லாத பாட்டிலை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் இறக்க வேண்டாம். முதலில் ஆறு பாட்டில் வாங்கிப் பாருங்கள், போதும். பனிக்காலத்தில் மல்லிகை வரத்து குறைந்து விலை எகிறும் மார்கழி, தை மாதங்களில் கொஞ்சம் கூடுதலாக வைக்கலாம்.

கேட்கக் கூடாத கேள்வி

கடைசியாக ஒன்று. எங்கள் கடையில் பல வருஷமாக மாதச் சாமான் வாங்கும் ஒரு அம்மா. கணவர் காலமாகிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு நாள் மல்லிகை எண்ணெய் பாட்டில் ஒன்றைக் கையில் எடுத்தார். கடைப் பையன் விளையாட்டாக, "யாருக்கும்மா, பேத்திக்கா?" என்று கேட்டுவிட்டான். "ஆமாம்ப்பா, அவளுக்குத்தான். அப்புறம் வாங்கிக்கறேன்" என்று பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு அவர் அந்த அலமாரிப் பக்கம் வந்ததே இல்லை.

கணவரை இழந்த பெண் பூ வைத்தால் நாலு பேர் பார்ப்பார்கள் என்ற நிலை இன்னும் நம் தெருக்களில் மாறவில்லை. பணி நேரத்தில் பூ வைக்க முடியாத பெண்களும் உண்டு. இவர்களுக்கெல்லாம் யாரையும் கேட்காமல் வாங்கிக்கொள்ளக் கூடிய மணம் ஒரு பாட்டிலில் இருக்கிறது. அதை எடுத்துக் கொடுக்கும் நாம் காரணம் கேட்கலாமா? காசை வாங்கி, பாட்டிலைக் காகிதத்தில் சுற்றி, "வாங்கம்மா" என்று சொல்லி அனுப்பினால் போதும்.

சரக்கு எல்லாக் கடையிலும் கிடைக்கும். மரியாதை கிடைக்கும் கடையைத்தான் வாடிக்கையாளர் தேடி வருவார். நம் கடைப் பையன்களுக்கும் இதைச் சொல்லி வைப்போம்.