பகலில் கண் மூடாத குழந்தை



நீங்கள் அனுப்பும் காணிக்கை மருந்தாகவும் தடுப்பூசியாகவும் கிராமங்களுக்குப் போய்ச் சேருவதைப் பலமுறை எழுதியிருக்கிறோம். இம்முறை, கேட்ட மருந்தைக் கொடுக்க மறுத்துவிட்டு வந்த ஒரு காரியத்தைப் பற்றி எழுதுகிறோம்.

கும்பகோணத்திலிருந்து அணைக்கரை செல்லும் சாலையில் இருக்கிறது திருப்பனந்தாள். மேட்டூர் அணையை ஜூன் 12 இல் திறப்பது வழக்கம். அதையொட்டி இங்கே குறுவை வேலைகள் தொடங்கிவிடும். நடவு இயந்திரங்கள் வந்துவிட்டாலும் கைநடவும் களையெடுப்பும் நின்றுவிடவில்லை. கைக்குழந்தைக்காரியும் காலையில் வயலுக்குப் போய் மதியம்தான் திரும்புகிறாள். முன்பெல்லாம் வரப்போரத்து மரக்கிளையில் தூளி கட்டியிருக்கும். இப்போது பெரும்பாலும் குழந்தை பாட்டியிடம் வீட்டில் இருக்கிறது.

அப்படி ஒரு வீட்டில்தான் எங்கள் செவிலியரிடம் ஒரு பாட்டி கேட்டார்: "பகல்ல கண்ணசந்த கொஞ்ச நேரத்துல முழிச்சிக்கிறான் சிஸ்டர். அப்புறம் ஒரே அழுகை. என்னால சோறாக்க முடியல. தூங்குறதுக்கு ஒரு சொட்டு மருந்து குடுங்களேன்."

குழந்தைக்கு நான்கு மாதம். எடை சரியாக இருந்தது. தாய்ப்பால் நன்றாகக் குடிக்கிறான், சிறுநீர் தாராளமாகப் போகிறது, காய்ச்சல் இல்லை. நோய் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வீடு முழுவதும் சோர்ந்து போயிருந்தது.

குழந்தையின் தூக்கம் நம்முடைய தூக்கத்தைப் போன்றதல்ல. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, மூன்று மாதம் வரை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரமும், நான்கிலிருந்து பதினோரு மாதம் வரை 12 முதல் 16 மணி நேரமும் குழந்தை தூங்க வேண்டும். பகல் தூக்கமும் இதில் அடங்கும். பிறந்த புதிதில் இரவு பகல் பேதமே அதற்குத் தெரியாது. உடலுக்குள் இருக்கும் கடிகாரம் இரண்டு மூன்று மாதங்களில்தான் மெல்ல ஓடத் தொடங்குகிறது. இரவுத் தூக்கம்தான் முதலில் நீளும், பகல் தூக்கம் ஒழுங்குக்கு வர இன்னும் சில மாதங்கள் ஆகும்.

இன்னொன்றும் உண்டு. பெரியவர்களின் தூக்கம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரச் சுற்றாக ஓடுகிறது. குழந்தையின் சுற்று ஒரு மணி நேரத்திற்கும் குறைவு. 1950களில் சிகாகோவில் யூஜின் அசெரின்ஸ்கி, நதானியேல் கிளைட்மன் என்ற இரு அறிஞர்கள் தூங்கும் குழந்தைகளின் அருகில் உட்கார்ந்து கண்ணசைவையும் உடலசைவையும் கணக்கெடுத்தபோது இந்தச் சுற்று தெளிவாகத் தெரிந்தது. ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் தூக்கம் மிக மெலிதாகிவிடும். அங்கேதான் குழந்தை விழிக்கிறது. ஆகவே நான்கு மாதக் குழந்தை பகலில் முப்பது, நாற்பது நிமிடத்தில் எழுந்துகொள்வது பெரும்பாலும் இயல்புதான். பாட்டி அதை நம்பவில்லை. "எம் புள்ளைங்கள்லாம் மூணு மணி நேரம் தூங்குங்க" என்றார். இருக்கலாம், முப்பது வருஷத்துக்கு முந்திய தூக்கம் நினைவில் கொஞ்சம் நீண்டுவிடுவதும் உண்டு!

செவிலியர் அந்தத் திண்ணையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து பார்த்தார். குழந்தை எழுந்து இரண்டு மணி நேரத்துக்கு மேலாகியிருந்தது. அக்கம்பக்கத்தார் ஒருவர் மாற்றி ஒருவர் தூக்கிக் கொஞ்சினார்கள். முகத்தைத் திருப்பினான், கொட்டாவி விட்டான், கண்ணைக் கசக்கினான். யாரும் கவனிக்கவில்லை. அழ ஆரம்பித்த பிறகுதான் தூளியில் போட்டார்கள். அதற்குள் களைப்பு மிஞ்சிவிட்டது. களைப்பு மிஞ்சிய குழந்தை தூங்காது, முரண்டு பிடிக்கும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை ஒரு மணி நேரம் போல விழித்திருந்தால் போதும்; நான்கு மாதத்தில் ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி. குழந்தைக்குக் குழந்தை இது மாறும் என்பதால் கடிகாரத்தைவிட முகத்தைப் பார்ப்பதே நல்லது. முதல் கொட்டாவியிலேயே கூட்டத்தை விலக்கி, சற்று இருட்டான இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த வீட்டில் தூளி கட்டியிருந்த இடம் தகரக் கூரைக்கு நேர் கீழே. மதிய வெயிலில் பெரியவர்களே அங்கே உட்கார முடியாது. அதை ஓட்டுத் தாழ்வாரத்துக்கு மாற்றச் சொன்னோம்.

தோளில் தூங்கிய குழந்தை கீழே கிடத்தியதும் விழித்துக்கொள்கிறதே என்று கேட்பவர்களுக்கு, 2022 இல் ஜப்பானில் குமி குரோதாவின் குழு வெளியிட்ட ஆராய்ச்சி உதவும். அழும் குழந்தையை மார்போடு அணைத்து ஐந்து நிமிடம் சீராக நடக்க வேண்டும். கண்ணயர்ந்தவுடன் கிடத்தாமல், ஐந்திலிருந்து எட்டு நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டுக் கிடத்தினால் விழிப்பது குறைகிறது. நம் பாட்டிமார் செய்வதுதான் இது. அந்தக் கடைசி எட்டு நிமிடத்துக்குத்தான் பொறுமை இருப்பதில்லை, அடுப்பில் உலை கொதிக்கிறதே!

காப்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கும்பகோணம் டிகிரி காப்பி ஊரில் இதைச் சொல்வது எளிதல்ல. தாய் குடிக்கும் காப்பியிலுள்ள காபின் சிறிதளவு பாலில் வருகிறது. நம் உடலில் அதில் பாதி சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பிறந்த குழந்தையின் உடலில் பாதி தீரவே மூன்று நாள்போல ஆகும். இரண்டு தம்ளரால் கெடுதி இல்லை. நாளெல்லாம் காப்பியும் டீயுமாக இருந்தால் குறைத்துப் பார்க்கலாம்.

இனி, பாட்டி கேட்ட மருந்துக்கு வருவோம். வேலைக்குப் போகும் தாய், தூங்காத குழந்தை, கையிலே ஒரு சொட்டு மருந்து என்பது பழைய கதை. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் பம்பாய் ஆலைத் தொழிலாளிப் பெண்கள் குழந்தைகளுக்கு அபின் உருண்டை கொடுத்துத் தூங்கவைத்துவிட்டு வேலைக்குப் போனார்கள். அதற்கு முன் இங்கிலாந்தின் ஏழைத் தாய்மாரும் அபின் கலந்த பானத்தைக் கொடுத்தார்கள். அவர்கள் அன்பில்லாதவர்கள் அல்ல, வேறு வழியில்லாதவர்கள். குழந்தைகள் பாலுக்கு விழிக்காமல் மெலிந்தன. பல மூச்சடங்கிப் போயின.

இன்று அபினின் இடத்தில் சளி மருந்து இருக்கிறது. சளிக்கு வாங்கிய சிரப்பில் குழந்தை நன்றாகத் தூங்கியது என்று கண்டவர்கள், சளி இல்லாதபோதும் அரை மூடி ஊற்றுகிறார்கள். தூக்கம் வரவழைக்கும் புரோமெதசின் என்ற மருந்தை இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக்கூடாது, மூச்சு நின்றுவிடும் என்று அமெரிக்க மருந்துத் துறை 2004 இல் கடுமையாக எச்சரித்தது. குளோர்பெனிரமினும் பினைல்எப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கக்கூடாது என்று நம் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 டிசம்பரில் அறிவித்தது. வசம்பை இழைத்துக் கொடுப்பதையும் நாங்கள் தடுக்கிறோம். பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் பெற்ற சரக்குதான். ஆனால் அதை உணவில் சேர்க்க 1968 இல் அமெரிக்கா தடை விதித்தது. ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாம் என்பதை இங்கேயும் பிடித்துக்கொள்கிறோம்.

தூளியை என்ன செய்வது? தட்டையான, உறுதியான படுக்கையில் மல்லாத்திக் கிடத்துவதே பத்திரம் என்பது மருத்துவ உலகம் ஒத்துக்கொண்ட விஷயம். 1990களில் பல நாடுகள் இதைப் பிரசாரம் செய்தபின் தூக்கத்தில் குழந்தைகள் திடீரென்று இறப்பது பாதிக்கு மேல் குறைந்தது. தூளி வளைந்திருக்கிறது. ஆனாலும் தாயின் பழைய நூல்சேலையில் ஆடித் தூங்கிய குழந்தைக்கு அது கருப்பையைப் போல இருப்பதை மறுக்க முடியாது. தூளியே கூடாது என்று சொல்லிவிட்டு வந்தால் நாங்கள் வாசல் தாண்டியதும் மறுபடி கட்டுவார்கள். அதனால் இப்படிச் சொல்கிறோம்: தூளியில் தூங்கவையுங்கள், தூங்கியபின் பாயில் மல்லாத்திப் போடுங்கள். தூளியில் இருக்கும்வரை ஒருவர் கண் அதன்மேல் இருக்கட்டும். தாடை மார்பில் ஒட்டக்கூடாது, முகத்தைத் துணியால் மூடக்கூடாது. ஈ, கொசுவுக்குப் பாய்க்கு மேல் வலை போதும். தரையிலிருந்து தாழவே கட்டுங்கள். குப்புறக் கவிழப் பழகிவிட்டால் தூளியில் தனியே விடவே கூடாது. மூத்த பிள்ளைகள் அதில் உட்கார்ந்து முறுக்கி விளையாடக் கூடாது. சேலை கழுத்தில் சுற்றிக்கொண்ட சம்பவங்கள் நம் மாநிலத்தில் அடிக்கடி நடக்கின்றன. அந்தத் துயரத்தை எழுத மனம் வரவில்லை.

உண்மையில், பகலில் தூங்காத குழந்தையைவிட எப்போதும் தூங்கிக்கொண்டே இருக்கும் குழந்தைதான் எங்களுக்கு அதிகப் பயத்தைத் தருகிறது. பிறந்த சில நாட்களில் பாலுக்கும் எழாமல் துவண்டு கிடந்தால், கண்ணும் தோலும் மஞ்சளானால், மூச்சு வாங்கினால், மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், எப்படித் தேற்றினாலும் அடங்காத அழுகை புதிதாகத் தொடங்கினால், எந்த நேரமானாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். "நல்லாத்தான் தூங்குறான்" என்று வீட்டிலேயே வைத்திருந்து, மஞ்சள் காமாலை முற்றிய நிலையில் கொண்டுவரப்படும் சிசுக்கள் இன்றும் உண்டு.

இரண்டு வாரம் கழித்து அந்த வீட்டுக்குப் போனோம். தூளி தாழ்வாரத்துக்கு வந்திருந்தது. மதியம் பக்கத்து வீட்டுப் பெண் சற்று நேரம் குழந்தையை வைத்துக்கொள்கிறாள், பாட்டி சோறாக்கிவிடுகிறார். குழந்தை பகலில் நான்கு முறை தூங்குகிறான், ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம். "இன்னும் கொறச்சல்தான் சிஸ்டர்" என்றார் பாட்டி. பேசிக்கொண்டிருக்கும்போதே குழந்தை கொட்டாவி விட்டான். எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.