முட்டை விலையில் சேராத செலவு

திருவனந்தபுரத்தில் நாம் வாங்கும் முட்டைகளில் பெரும்பகுதி நாமக்கல் பகுதியிலிருந்து வருகிறது. கறிக்கோழியும் பெருமளவில் தமிழ்நாட்டிலிருந்தே எல்லை கடந்து வருகிறது. தீவனம், கூலி, மின்சாரம், வண்டி வாடகை, கடன் வட்டி ஆகியவை அனைத்தும் அதன் விலையில் அடங்கியுள்ளன. மண்ணும் நீரும் காற்றும் சுமக்கும் செலவு மட்டும் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை.

முட்டைக்கோழி ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 100 கிராம் எச்சம் இடுகிறது. 10,000 கோழிகள் உள்ள பண்ணையில் இது நாள்தோறும் ஒரு டன் ஆகிறது. நாமக்கல் வட்டாரத்திலோ கோழிகள் கோடிக்கணக்கில் வளர்கின்றன. தழைச்சத்து மிகுந்த இந்த எரு, அளவோடு இட்டால் வயலுக்கு வளம். ஈரத்துடன் ஓரிடத்தில் குவிந்தால் அம்மோனியா வாயு எழுகிறது, ஈக்கள் பெருகுகின்றன, மழைநீருடன் கசிந்து கிணற்று நீரில் நைட்ரேட் கலக்கிறது. தீவனத்துக்கான மக்காச்சோளமும் சோயாவும் தொலைதூர வயல்களில் விளைகின்றன. அம்மண்ணின் சத்து அங்கே திரும்பாமல், பண்ணைகள் நிறைந்த ஒரே வட்டாரத்தில் எருவாகத் தேங்குகிறது.

நெருக்கமாக வளரும் பறவைகளுக்குத் தரப்படும் நுண்ணுயிர்க்கொல்லிகள் மற்றொரு கவலை. மனிதருக்கு இறுதி மருந்தாகப் பயன்படும் கொலிஸ்டினைக் கால்நடை, கோழித் தீவனங்களில் சேர்ப்பதற்கு மத்திய அரசு 2019இல் தடை விதித்தது.

இந்தச் சுமையில் நுகர்வோராகிய நமக்கும் பங்குண்டு. உயிருடன் வரும் கறிக்கோழியின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இறகு, குடல், இரத்தம் எனக் கழிவாகிறது. அது ஆலைக்குச் சென்றால் கால்நடைத் தீவனப் பொருளாகவும் கொழுப்பாகவும் மாறுகிறது, நள்ளிரவில் சாலையோரத்திலோ ஓடையிலோ கொட்டப்பட்டால் குடிநீரைக் கெடுக்கிறது, தெருநாய்களைப் பெருக்குகிறது.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் 2020ஆம் ஆண்டு உத்தரவுக்குப் பின், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கோழிப்பண்ணை நெறிமுறைகளைத் திருத்தியது. 5,000 பறவைகளுக்கு மேல் வளர்ப்போர் மாநில வாரியத்தின் இசைவைப் பெற வேண்டும் என அவை கூறுகின்றன.

பண்ணைக் கடன் கோரும் வாடிக்கையாளர்கள் திட்ட அறிக்கையில் கூண்டும் குஞ்சும் குறிப்பிடுவதோடு நின்றுவிடலாகாது. எருவை உலர்த்தும் கொட்டகை, சாண எரிவாயுக் கலன், இறந்த பறவைகளைப் புதைக்கும் குழி ஆகியவற்றுக்கும் தொடக்கத்திலேயே தொகை ஒதுக்க வேண்டும். எரு விற்பனை வருவாயாகும். இசைவு பெறாத பண்ணை மூடப்பட்டாலோ தவணை நிற்கும். கோழி வாங்குவோர், கடைக்காரர் கழிவை யாரிடம் ஒப்படைக்கிறார் என ஒருமுறை கேட்கலாம். முறையாகக் கழிவகற்றும் கடையில் கிலோவுக்குச் சில ரூபாய் கூடுதலாக இருந்தால், அது நம் கிணற்று நீருக்கான செலவே.