காவல் நாய்க்கு என்ன தீனி?

கறவை மாட்டுக்குத் தீவனத்தை அளந்து வைக்கும் விவசாயி, பட்டி காக்கும் நாய்க்கு மட்டும் மிஞ்சிய சோற்றில் மோரை ஊற்றி வைப்பதோடு சரி. வளர்ந்த நாய் எப்படியோ சமாளித்துக்கொள்ளும், குட்டி தாங்காது. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் போதாமல் முன்னங்கால்கள் வளைந்துவிடும். ராஜபாளையம், கோம்பை இனக் குட்டிகளை ஆசையாய் வாங்கிவந்து இப்படிக் கெடுத்தவர்கள் உண்டு.

சோறு அல்லது கேழ்வரகுக் களியுடன் வேகவைத்த முட்டை, முள் நீக்கிய மீன், இறைச்சி இவற்றில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். குட்டிக்கு நாளைக்கு மூன்று, நான்கு வேளை. வளர்ந்ததற்கு இரண்டு வேளை போதும். மாட்டுக்கு வாங்கிய தாது உப்பை உத்தேசமாக அள்ளிப் போடாதீர்கள். கால்நடை மருத்துவர் சொல்லும் அளவே சரி. வெங்காயம், பூண்டு சேர்த்த குழம்பும், வெந்த கோழி எலும்பும் ஆகாது. எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும்.

ஆடு வளர்ப்போர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது வேறு. அறுத்த ஆட்டின் ஈரலிலோ நுரையீரலிலோ நீர்க்கட்டி இருந்தால், அதை வெட்டி நாய்க்கு எறிவார்கள். ஏன் என்று கேட்டால், "நாய்க்குத்தானே ஐயா" என்பார்கள். அந்தக் கட்டியிலுள்ள நாடாப்புழுக் குஞ்சுகள் நாயின் குடலில் வளர்ந்து முட்டையிடும். முட்டைகள் சாணத்தோடு மேய்ச்சல் நிலத்தில் விழுந்து மறுபடி ஆட்டுக்குப் போகும். நாயைத் தொட்டு விளையாடும் குழந்தையின் வாய்க்கும் போகும். மனிதரின் ஈரலில் அதே கட்டி ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி வளர்ந்து, அறுவைச் சிகிச்சை வரை கொண்டுபோய்விடும்.

கட்டியுள்ள உறுப்பை எரித்துவிடுங்கள், அல்லது நாய் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள். மற்ற உறுப்புகளையும் அரை மணி நேரம் கொதிக்கவைத்த பிறகே போட வேண்டும். நாய்க்குத் தவறாமல் புழு நீக்க மருந்து கொடுங்கள். அது நாடாப்புழுவுக்கான பிராசிகுவாண்டல் அடங்கியதா என்று கேட்டு வாங்குங்கள்.