நாய்க்கடியில் சாவு எந்த வழியில் வருகிறது?

2023 பிப்ரவரியில் ஹைதராபாத் அம்பர்பேட்டையில் நான்கு வயதுச் சிறுவனைத் தெருநாய்கள் சூழ்ந்து கடித்துக் கொன்றன. அந்த சிசிடிவி காட்சி தெற்கே வள்ளியூர் வரை கைபேசிகளில் ஓடியது. அதைப் பார்த்த தாய்க்கு, பஸ் ஸ்டாண்ட் நிழலில் தூங்கும் நாயும் எமனாகத்தான் தெரியும். குறை சொல்ல முடியாது.

ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. 2024இல் தமிழ்நாட்டில் பதிவான நாய்க்கடி சுமார் 4.8 லட்சம், வெறிநோய்ச் சாவு 43. ஏறக்குறைய 30 ஆயிரம் பேர் வாழும் வள்ளியூருக்கு மாநிலச் சராசரியைப் பொருத்தினால், ஆண்டுக்கு 190 பேர் போலக் கடிபடுவார்கள். வெறிநோயில் ஒருவர் சாக 60 ஆண்டு ஆகும். சாலையில் சாவதோ ஆண்டுக்கு ஏழு பேர்: 2023இல் மாநிலத்தில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 18,347. நாய்க்குப் பயந்து கையில் கம்போடு போகிறவர்தான், நாகர்கோவில் நாற்கரச் சாலையில் ஹெல்மெட் இல்லாமல் எதிர்த்திசையில் பைக் ஓட்டுகிறார்.

குதறியே கொல்வது மிக அபூர்வம். அதில் சிக்குவது பெரும்பாலும் குழந்தைகளும் முதியவர்களும். அதுவும் தெருநாய் மட்டுமல்ல. 2025 ஆகஸ்டில் சென்னை ஜாபர்கான்பேட்டையில் ஒருவரைக் கொன்றது வீட்டில் வளர்த்த பிட்புல்.

நம் ஊர்களில் நாயால் வரும் சாவு பெரும்பாலும் சின்னக் கடியில்தான் தொடங்குகிறது. வெறிநோய்க் கிருமி நரம்பு வழியாக மூளைக்கு ஏற வாரங்களோ மாதங்களோ ஆகும். முகத்தில் கடித்தால் சீக்கிரம். தண்ணீரைக் கண்டு மிரளத் தொடங்கிய பிறகு ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாலும் ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாலும் பிழைப்பது அரிது. அதற்கு முன்னால் கிடைக்கும் அவகாசத்தைத்தான் வீணடிக்கிறோம். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி வைத்துக் கட்டுகிறோம். "நம்ம வீட்டுக் குட்டிதானே" என்று விடுகிறோம். அடி விழும் என்று பிள்ளைகள் கடியையே மறைத்துவிடுகிறார்கள்.

செய்ய வேண்டியது சிக்கலானதல்ல. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட வேண்டும். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்பதெல்லாம் பழங்கதை. இப்போது கையில்தான், முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாள்களில். ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும். தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கும் வரை கிருமியைத் தடுப்பது அதுதான்.

சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் 2022-23இல் 15 மாநிலங்களில் நாய்க்கடி பற்றி வீடுவீடாக விசாரித்தது. நாட்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய 5,700 பேர் வெறிநோயில் சாகிறார்கள் என்பது அதன் மதிப்பீடு; அரசுப் பதிவேடுகளில் ஏறுவது இதில் சிறு பகுதிதான். கடிபட்டவர்களில் ஐந்தில் ஒருவர் ஊசியே போடவில்லை. ஒன்றாவது போட்டவர்களிலும் ஏறக்குறையப் பாதிப்பேர் கடைசி ஊசி வரை போகவில்லை.