பொழுது நீண்ட ஊர்

வியன்னாவுக்கு அருகே மரியன்தால் என்றொரு ஆலைக் குடியிருப்பு. ஊருக்கே சோறு போட்ட நெசவாலை, உலகப் பொருளாதார மந்தத்தில் மூடப்பட்டது. 478 குடும்பங்களில் முக்கால்வாசி, அரசு கொடுத்த உதவித்தொகையில் நாளை ஓட்டின.

வேலை போனவர்கள் பகல் முழுக்க என்னதான் செய்கிறார்கள்? மரி யஹோதா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசெல் ஆகிய ஆய்வாளர்களின் குழு 1931 குளிர்காலத்தில் அதைப் பார்க்கப் போனது. சும்மா குறிப்பேட்டோடு போய் நிற்கவில்லை; பழைய துணி கொடுத்தார்கள், தையல் வகுப்பு நடத்தினார்கள், மருத்துவரையும் வரவழைத்தார்கள். வீட்டுக் கதவுகள் அப்படித்தான் திறந்தன.

கடைத்தெருவில் போவோர் வருவோரையும் மறைவாக நின்று எண்ணினார்கள். 68 ஆண்களில் 39 பேர் மூன்று முறையோ அதற்கு மேலோ நின்று நின்று போனார்கள். 32 பெண்களில் அப்படி நின்றவர்கள் மூவர்தான்! பெண்களின் நடையும் வேகமாக இருந்தது. அவசரமாகப் போய்ச் சேர ஆண்களுக்கு ஓர் இடம் இல்லை.

அன்றாடம் செய்ததை மணிவாரியாக எழுதித் தரச் சொன்னபோது ஆண்கள் திணறினார்கள். எழுந்தது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியது, சாப்பிட்டது, படுத்தது நினைவிருந்தது. இடையில் கழிந்த மணிகளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பலர் கடிகாரம் அணிவதையே விட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு மவுசு போய்விட்டது; உதவித்தொகை வரும் நாள்தான் ஊருக்குத் திருநாள்.

நேரம்தான் கொட்டிக் கிடக்கிறதே, படிக்கலாமே என்று தோன்றும். நூலகக் கட்டணத்தை நீக்கிய பிறகும், இரண்டே ஆண்டுகளில் இரவல் போன புத்தகங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன.

இதைச் சோம்பல் என்று முத்திரை குத்துவது அநியாயம். சில்லறை வேலை ஏதும் செய்து அகப்பட்டால் உதவித்தொகை நின்றுவிடும். விறகுக்காக மரம் வெட்ட உதவியவருக்கும், ஹார்மோனிகா வாசித்துச் சில காசு பார்த்தவருக்கும் அதுதான் நடந்தது.

பெண்களுக்கோ கூலிதான் போனது, வேலை போகவில்லை. சமையல், துவையல், கிழிந்த துணிக்கு ஒட்டுப்போடுவது என்று பொழுது சரியாக இருந்தது. பகலெல்லாம் சும்மா இருக்கும் கணவர் மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் நேரத்துக்கு வருவதில்லை என்பது அவர்களது அங்கலாய்ப்பு. முன்பு ஆலையில் உழைத்துக் களைத்து வந்து, இராத்திரியில் வீட்டு வேலையும் பார்த்தவர்கள் அவர்கள். ஆனாலும் ஆலை திறந்தால் மறுபடி போவோம் என்று பலர் சொன்னார்கள். பணத்துக்காக மட்டுமல்ல, அங்கே போனால் நாலு பேரைப் பார்க்கலாம், பேசலாம்.