‘ஸ்லௌச்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் பொருளும் வழக்கும்

தோள்கள் முன்னே தொங்க, முதுகு வளைய, தலை முன்சாய, உடலைத் தளரவிட்டு நிற்பதையும் உட்காருவதையும் ஆங்கிலேயர் ‘ஸ்லௌச்’ என்பர். 16ஆம் நூற்றாண்டில் இச்சொல் சோம்பேறியும் செப்பமற்றவனுமான மனிதனையே குறித்தது. அவனுடைய நிலையைக் குறிக்கத் தொடங்கியது பிற்காலத்தில்தான். ஓரம் தொங்கும் தொப்பிக்கும் இப்பெயர் வழங்கலாயிற்று. சோம்பல் என்ற பழி இன்னமும் இச்சொல்லை விட்டு நீங்கவில்லை. ஆகவே இதனை எவருக்கு வழங்கலாகாது என்பதை முதலில் அறிதல் நலம்.

நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ ஆகிய இரு போகங்களிலும் கையால் நாற்று நடும் பெண்கள் நாழிகைக்கணக்காய்க் குனிந்து நிற்கின்றனர். அது உழைப்பின் நிலை. குனிதல் வேறு, ‘ஸ்லௌச்’ வேறு.

கூன் என்பதும் வேறு. அது எலும்பிலேயே நிலைத்துவிட்ட வளைவு. நின்றசீர் நெடுமாறனைக் கூன் பாண்டியன் என மரபு வழங்குவது இப்பொருளிலேயாம். முதுமையில் எலும்பு மெலிந்து முள்ளெலும்புகள் நசுங்குவதால் கூன் விழும். க்ஷயரோகம் முதுகெலும்பைத் தாக்குவதாலும் அது உண்டாகும். இவ்வகை வளைவை 1779ஆம் வருஷத்தில் பெர்சிவால் பாட் என்னும் ஆங்கில ரண வைத்தியர் விவரித்து எழுதினார். இத்தகையோரை “நிமிர்ந்து நில்” என்று அதட்டுவதால் யாதொரு பயனுமில்லை.

‘ஸ்லௌச்’ என்பதோ பெரும்பாலும் பழக்கத்தால் வருவது. அதுவும் எப்போதும் சோம்பலால் அன்று. தாழ்ந்த பலகையில் கணக்கு எழுதும் குமாஸ்தாவும், மங்கிய வெளிச்சத்தில் படிக்கும் சிறுவனும் தம்மை அறியாமலே வளைகின்றனர். பலகையை உயர்த்துதலும், நல்ல வெளிச்சம் அமைத்தலும், இடையிடையே எழுந்து நடத்தலும் இதற்குத் தக்க பரிகாரங்களாகும்.

இவ்விரண்டையும் பிரித்தறிய எளிய வழி ஒன்றுண்டு. நிமிர்ந்து நின்றாலும் மல்லாந்து படுத்தாலும் வளைவு மறையுமாயின் அது பெரும்பாலும் பழக்கமே. மறையாவிடினும், முதுகு நோவு, மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, கால் தளர்ச்சி ஆகியவற்றுள் ஏதேனும் காணப்படினும், வைத்தியரிடம் காட்டத் தாமதிக்கலாகாது. முதுகெலும்பு க்ஷயம் இக்காலத்தில் மருந்தால் குணப்படுவது. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் க்ஷயரோக மருந்து இலவசமாகவே கிடைக்கிறது. அசட்டை செய்தால் கால்கள் செயலற்றுப் போகவும் கூடும்.

ஆதலின், சங்க அங்கத்தினர்கள் தம் வீட்டுக் குழந்தையின் முதுகு வளைந்திருக்கக் கண்டால், சோம்பல் என்று கடிந்துகொள்ளுமுன் அவ்வளைவு மறைகிறதா என்று பார்ப்பார்களாக.