ஒட்ட மறுக்கும் மசி

1947 முதல் 1949 வரை அடையாறு கலாக்ஷேத்திராவின் ஓவியப் பிரிவுக்குத் தலைமை வகித்தவர் கிருஷ்ணா ரெட்டி. சித்தூர்ப் பக்கத்துக்காரர், சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் படித்தவர். ஓவியம் சொல்லித்தர வந்தவருக்கு, சென்னையில் இருந்த அந்த ஆண்டுகளில்தான் சிற்பத்தின் மேல் ஆசை பிறந்தது. பின்னாளில் அச்சுக்கலையில் அவர் செய்த அதிசயத்துக்கு அந்த ஆசைதான் வேர் என்று நினைக்கிறேன்.

வண்ண அச்சு என்றால் வழக்கமாக நிறத்துக்கு ஒரு தகடு. காகிதம் ஒவ்வொரு தகட்டின் மேலும் தனித்தனியாகப் படிய வேண்டும்; மயிரிழை விலகினாலும் படம் கெட்டது. லண்டன் வழியாகப் பாரிஸ் சென்ற ரெட்டி, ஹேட்டர் நடத்திய ‘அட்லியே 17’ பட்டறையில் இந்தத் தொல்லையையே ஒழித்தார். பம்பாயில் பிறந்த கைகோ மோதியும் அதில் கூட்டு. ஒரே தகடு, ஒரே அழுத்து, எல்லா நிறமும்!

தகட்டை அவர் சிற்பி போலவே குடைந்தார். மேடு, சரிவு, பள்ளம் எனப் பல மட்டங்கள். ஆளிவிதை எண்ணெய் விட்டு இளக்கிய மஞ்சள் மசியைக் கெட்டியான ரோலரில் எடுத்து உருட்டினால் மேடுகளில் மட்டும் படியும். அடுத்து, எண்ணெய் சேர்க்காத இறுகிய நீல மசி, மெத்தென்ற ரோலரில். அழுத்தி உருட்டினால் ரோலர் அமுங்கிப் பள்ளம் வரை இறங்கும். வழியில் மஞ்சள் பூசிய மேடுகளையும் அது தொடத்தான் செய்கிறது. ஆனால் அங்கே நீலம் ஒட்டுவதில்லை.

ஏன்? ரோலர் விலகும்போது நடுவில் இருக்கும் மசிப்படலம் எங்காவது பிளந்தாக வேண்டும். பிளவு பலவீனமான இடத்தில்தான் விழும். மேட்டில் பலவீனமானது இளகிய மஞ்சள். அது இரண்டாகப் பிரிய, இறுகிய நீலம் குலையாமல் ரோலரோடு போய்விடுகிறது. பள்ளத்தில் வெறும் உலோகம். அங்கே நீலமே பிளந்து பாதியை விட்டுச் செல்கிறது. வரிசையை மாற்றி, இறுகிய மசியின் மேல் இளகியதை உருட்டிப் பாருங்கள்: இளகியது பிளந்து பாதி மேலே தங்கிவிடும், நிறம் நிறத்தின் மேல் ஏறும். ஓவியரின் கையில் இருப்பது சில சொட்டு எண்ணெய். அதைக் கூட்டியும் குறைத்தும் எந்த நிறம் எதை ஏற்க வேண்டும், எதை விலக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்கிறார். பள்ளிப் பாடத்தில் பாகுநிலை என்று படித்ததுதான் இது. பட்டறைத் தலைவர் ஹேட்டர் வேதியியல் படித்து, ஈரானில் எண்ணெய் நிறுவனத்தில் வேலை பார்த்தவர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

நம் ஊர் நாலு கலர் ஆப்செட் அச்சகங்களும் இதே விதியின் மறுபாதியை நம்பித்தான் ஓடுகின்றன. முந்தைய நிறம் காயும் முன்பே அடுத்த நிறம் ஏற வேண்டும். அதனால் பிசுக்கு அதிகமுள்ள மசி முதலில், குறைந்தது பின்னால். மாற்றிப் போட்டால் மேல் நிறம் சரியாகப் பிடிக்காது. கல்யாணப் பத்திரிகையின் பளபளப்பும் ரெட்டியின் ‘நீர்ச்சுழி’ அச்சில் ஒன்றையொன்று தொட்டும் கலங்காத நிறங்களும் ஒரே இயற்பியலில் பிறந்தவை.